இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த அப்பா நடக்கவே மறுக்கிறார். அதே அனுபவம் உள்ள ஒருவர் கூட வந்தால் பயன் இருக்குமா?

நிச்சயம் இருக்கும். அப்படி ஒருவர் கூட வந்ததால்தான் நான் நடந்தேன். இப்போது மூன்று வருடமாகப் புதிதாக வருபவர்களோடு நானும் நடக்கிறேன்.

எனக்கு ஸ்டென்ட் வைத்தது 2019இல். டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைகளுக்குக் கீழே 'தினமும் 30 நிமிடம் நடை' என்று ஒரு வரி இருந்தது. மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை, நடைதான் நடக்கவில்லை. வீட்டில் சோம்பல் என்று நினைத்தார்கள். உண்மையில் அது பயம். தெருமுனை வரை போனாலே நெஞ்சு படபடக்கும். நடந்ததால் வந்த படபடப்பா, இன்னொரு அட்டாக்கா என்று தெரியாமல் திரும்பிவிடுவேன். இதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

பிசியோதெரபிஸ்ட் ஒருவரை அறிமுகப்படுத்தினார். பைபாஸ் ஆகி ஆறு வருடம் ஆனவர். விடிகாலையில் லஸ் நாகேஸ்வரராவ் பூங்கா வாசலில் எனக்காக நின்றார். அன்று ஒரே ஒரு சுற்று. பாதியில் நான் நின்றதும், "மூச்சு வாங்குதா, நெஞ்சை அழுத்துதா? ரெண்டும் வேற வேற சார்" என்றார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிப் பிரித்துக் கேட்டதில்லை. எனக்கு மூச்சுதான் வாங்கியது. பெஞ்சில் உட்கார்ந்தோம். சட்டைப் பையிலிருந்து சார்பிட்ரேட் (நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை) அட்டையை எடுத்துக் காட்டி, "நானும் இதோடதான் நடக்கிறேன்" என்றார். மறுநாள் ஒன்றரைச் சுற்று போனேன்.

நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தால் 'நம்மாலும் முடியும்' என்ற நம்பிக்கை வளரும் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். எனக்கு அது அந்த பெஞ்சில் புரிந்தது.

வேகத்துக்கு என்னோடு நடந்தவர் சொன்ன அளவைத்தான் நானும் சொல்கிறேன்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பு அடங்கியே இருக்கும், அதனால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டக் கூடாது. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அந்த எண்ணை முதல் வாரத்தில் யாரிடமும் சொல்ல மாட்டேன். பத்து நிமிடம் போதும்.

கூட நடப்பவர் மருத்துவர் அல்ல. மாத்திரை பற்றி நான் வாயே திறப்பதில்லை. நெஞ்சில் அழுத்தம், குளிர்ந்த வியர்வை, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் உட்கார வைத்து 108ஐ அழைக்க வேண்டும், அவ்வளவுதான். இன்சுலின் போடுபவர் என்றால் பையில் குளுக்கோஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன்.

பிரிட்டனில் மருத்துவர்கள் நோயாளிகளை உடற்பயிற்சி மையங்களுக்கு அனுப்பும் திட்டங்கள் பெரும்பாலும் 10, 12 வாரம் ஓடும். என் கணக்கில் ஆபத்தே அதற்கு அப்புறம்தான், நடை விட்டுப்போவது அப்போதுதான். சென்னையில் நடையில் அப்படியொரு இடைவெளியை ஐப்பசி மழை உண்டாக்கிவிடுகிறது. பூங்காவில் தண்ணீர் நின்று பத்து நாள் விட்டால், பதினோராம் நாள் யாரும் வர மாட்டார்கள். அப்போது நான் போன் செய்வேன். ஒருவரோடு அவருடைய அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கிலேயே இரண்டு வாரம் நடந்தேன்.

சரி, உங்கள் அப்பாவுக்கு: எவ்வளவு நடக்கலாம் என்று மருத்துவரிடம் முதலில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தேறிய யாராவது கூட வருவார்களா என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் விசாரியுங்கள். முதல் சந்திப்பு வீட்டில் ஒரு காபியோடு இருந்தால் போதும். அப்புறம் அவர்கள் நடக்கப் போகும்போது நீங்கள் கூடப் போக வேண்டாம். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அப்பா தன் பயத்தைச் சொல்ல மாட்டார்.