தொங்கும் பூ ஊமத்தைதானா? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: எங்கள் வேலியோரம் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருக்கும் செடியில், ஒரு சாணுக்கும் நீளமான வெள்ளைப் பூக்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. ஊரில் எல்லோரும் அதை ஊமத்தை என்கிறார்கள். நாற்றுப் பண்ணைக்காரர் மட்டும் "இது ஊமத்தையே இல்லை" என்று சாதிக்கிறார். யார் சொல்வது சரி? (வாசகி, கோத்தகிரி)

பதில்: பண்ணைக்காரர் சொல்வதே சரி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது புருக்மான்சியா என்னும் பேரினத்தைச் (நெருங்கிய இனங்களின் தொகுதி) சேர்ந்தது. மலைப் பகுதிகளில் மிகுதியாகக் காணப்படும் சுவாவியோலென்ஸ் என்ற இனமாகவே இருக்கக்கூடும். ஊமத்தை டட்டூரா பேரினம். இரண்டும் கத்தரி, தக்காளி, சுண்டைக்காய் அடங்கிய சொலானேசி குடும்பத்தில் ஒரே கிளையில் வருபவை. அதாவது பங்காளிகள், ஆனால் வேறு வேறு வீடு.

பூ தொங்குகிறதா, நிமிர்ந்திருக்கிறதா என்பதை வைத்தே பலரும் இரண்டையும் பிரிக்கிறார்கள். அது மட்டும் போதாது என்பது என் கருத்து. புருக்மான்சியாவிலேயே சில இனங்களின் பூ நேர்கீழாகத் தொங்காமல் பக்கவாட்டில் சாய்ந்துதான் நிற்கும். காயைப் பார்ப்பதே உறுதியான வழி. நம்மூர் ஊமத்தங்காய் உருண்டையாக, முள்ளோடு இருக்கும். முற்றியதும் வெடித்து விதையைச் சிந்தும். புருக்மான்சியாவின் காயில் முள் இல்லை, அது தானாக வெடிப்பதும் இல்லை. உள்ளே தக்கை போன்ற தடித்த உறை போர்த்திய பெரிய விதைகள் இருக்கும். பூ வாடிய பிறகு புல்லிவட்டத்தையும் (பூவின் அடியிலுள்ள பச்சை உறை) கவனியுங்கள். ஊமத்தையில் அது அடிப்பகுதிக்குச் சற்று மேலே வட்டமாக அறுந்து விழ, மிச்சம் காயின் கீழே ஒரு தட்டுப்போல ஒட்டியிருக்கும். புருக்மான்சியாவில் அப்படி அறுவதில்லை. முழுதாக உதிரும், இல்லையேல் காயைச் சுற்றி உறையாக நிற்கும்.

உங்கள் செடியில் காயே பிடிக்காமல் இருக்கலாம் (அதற்குக் காரணம் கீழே வருகிறது). அப்படியானால் தண்டைப் பாருங்கள். ஊமத்தை ஓரிரு ஆண்டுகளில் முடிந்துபோகும் செடி. புருக்மான்சியா கட்டையாகி, சிறு மரமாகும். விதையிலிருந்து வளரும்போது முதலில் ஒற்றைத் தண்டாக உயர்ந்து, ஒரு கட்டத்தில் கவண் கட்டை போல இரண்டாகப் பிரியும். அந்தக் கவைக்கு மேலேதான் பூக்கும். கவைக்கு மேலிருந்து வெட்டிய போத்து இடுப்பளவு உயரத்திலேயே பூத்துவிடுவதும், கீழிருந்து வெட்டியது வளர்ந்து கவை விட்ட பிறகே பூப்பதும் இதனால்தான்.

கேள்வி: 'டட்டூரா' என்பது சமஸ்கிருதச் சொல் என்கிறார்கள். தென் அமெரிக்கச் செடிக்கு அந்தப் பெயர் எப்படிப் போனது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வழியாகப் போனது. 'தத்தூர' என்ற இந்தியப் பெயரை லத்தீன் வடிவமாக்கிப் பேரினத்துக்குச் சூட்டியவர் அவர். 1753-இல் வெளியான தமது நூலில், பெருவில் கண்ட ஒரு மரத்தைப் பற்றிப் பிரெஞ்சுப் பயணி ஃபொய்யே எழுதியிருந்ததை ஆதாரமாகக் கொண்டு அதற்கு 'டட்டூரா ஆர்போரியா', அதாவது மர ஊமத்தை, என்று பெயரிட்டார். 1805-இல் பெர்சூன் என்ற தாவரவியலாளர் அதைப் பிரித்து, நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் புருக்மான்ஸ் நினைவாகப் புருக்மான்சியா என்ற புதுப் பேரினமாக்கினார். 1833-இல் பெர்ன்ஹார்டி என்ற மற்றொரு தாவரவியலாளர் மீண்டும் டட்டூராவுக்குள்ளேயே தள்ளிவிட்டார். அதன் பின்னும் ஏறக்குறைய 140 ஆண்டுகள் தீராமல் கிடந்த வழக்கை 1973-இல் ஹார்வர்டில் அளித்த ஆய்வேட்டில் டாமி லாக்வுட் என்ற இளம் ஆய்வாளர் முடித்துவைத்தார். காய், விதை, வளரும் விதம், கலப்பினச் சேர்க்கை ஆகிய அனைத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்து இரண்டும் தனித்தனிப் பேரினங்களே என்று காட்டினார். பின்னர் வந்த மரபணு ஆய்வுகளும் அதற்கு எதிராகப் போகவில்லை. 2018-இல் பொலிவியாவின் ஒரே ஓர் இனத்துக்காக ட்ரோம்பெட்டியா என்ற மூன்றாவது பேரினமும் இவற்றோடு சேர்க்கப்பட்டது.

இந்தச் செடி தாவரவியலாளரை ஏமாற்றியது அத்தோடு நிற்கவில்லை. கொலம்பியாவின் சிபுந்தோய் பள்ளத்தாக்கில் பழங்குடி மருத்துவர்கள் வளர்த்துவந்த ஒரு விசித்திரச் செடியை, நாடா போன்ற அதன் ஒடுங்கிய இலைகளையும் கிழிந்த பூவையும் பார்த்து, அமெரிக்கத் தாவரவியலாளர் ஷூல்டெஸ் 1955-இல் தனிப் பேரினமாகவே அறிவித்தார். அது புருக்மான்சியாவின் உருமாறிய வடிவம் என்பது பிறகுதான் தெளிவானது. ஷூல்டெஸ் சாதாரண ஆள் அல்லர். அமேசான் தாவரங்களைக் கரைத்துக் குடித்தவர். அங்கே ஸ்பானிய மொழியில் இச்செடிகளை 'பொர்ராச்செரோ' என்பார்கள். வெறியூட்டுவது என்று பொருள். தேவாரத்தில் சிவபெருமான் சடையில் சூடும் 'மத்தம்' (ஊமத்தை; மயக்கம் என்றும் பொருள்) நினைவுக்கு வருகிறது அல்லவா? ஒன்றை ஒன்று அறியாத இரு நாட்டாரும் ஒரே குணத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: புருக்மான்சியா காடுகளில் அழிந்துவிட்டது என்று படித்தேன். கொடைக்கானலில் சாலையோரமெல்லாம் நிற்கிறதே? (வாசகர், மதுரை)

பதில்: இரண்டும் உண்மை. இன்று ஏற்கப்படும் ஏழு இனங்களும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 'இயற்கையில் அழிந்தவை' என்றே உள்ளன. சுவாவியோலென்ஸின் தாயகம் தென்கிழக்குப் பிரேசில். மற்றவை ஆண்டிஸ் மலைத்தொடரையும் அதை ஒட்டிய பகுதிகளையும் சேர்ந்தவை. அந்தத் தாயகத்தில் மனிதர் கைபடாமல், விதையிலிருந்து தானே பெருகும் கூட்டம் எதுவும் இல்லை என்பதே அந்தப் பட்டியலின் பொருள். இந்தக் காய்களைத் தின்று விதையைப் பரப்பிய பெரும் விலங்குகள் அழிந்துபோனதுதான் காரணம் என்று சிலர் கருதுகிறார்கள். கேட்க அழகாயிருந்தாலும் அது இன்னும் ஊகம்தான்.

நம் மலைகளில் நிற்பவை மனிதர் ஒடித்து நட்ட போத்துகளிலிருந்து வந்தவை, அல்லது அவற்றிலிருந்து தப்பிப் பரவியவை. ஒரு கிளையை ஒடித்து ஈர மண்ணில் செருகினால் போதும், வேர் பிடித்துவிடும். ஆனால் பெரும்பாலான புருக்மான்சியா இனங்கள் தம் மகரந்தத்தாலேயே காய் பிடிப்பதில்லை. ஒரே தாய்ச் செடியின் போத்துகளாகத் தெரு முழுக்க நின்றால், அவை கணக்குக்கு ஒரே செடிதான். பூ கொட்டிக் கிடந்தும் காயைக் காணாததற்கு இது முக்கியமான காரணம். மாலை மங்கியதும் மணம் ஏறுவது நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பருந்து விட்டில்களை அழைக்கத்தான். மணமே இல்லாத சாங்குயினியா என்ற சிவப்பு இனத்துக்கு ஆண்டிஸில் வாள் போன்ற அலகுடைய ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) வருகிறது.

கேள்வி: இந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொள்ளலாமா? (வாசகி, குன்னூர்)

பதில்: வேண்டாம். இலை, பூ, விதை எல்லாவற்றிலும் ஸ்கோபோலமைன், ஹயோசயமைன், அட்ரோபின் ஆகிய நச்சுப் பொருள்கள் உள்ளன. போத்து வெட்டிய கையோடு கண்ணைத் தேய்த்தாலே கண்மணி விரிந்து, பல மணி நேரம் பார்வை மங்கியிருக்கும். கையுறை போட்டுக்கொண்டு வெட்டுங்கள். வெட்டிய கிளைகளை ஆடு மாடு மேயும் இடத்தில் போடாதீர்கள்.