மைசிட்டோமா: ஓர் எழுத்தில் மாறும் பொருள்

கேள்வி: வயல் வேலை செய்யும் எங்கள் பெரியப்பாவின் பாதத்தில் பல ஆண்டுகளாக இருக்கும் வீக்கத்துக்கு 'மைசிட்டோமா' என்று பரிசோதனை அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். என் தம்பி அதை 'மைலோமா' என்று படித்துவிட்டுப் புற்றுநோய் என்று சொல்ல, வீடே கலங்கிப்போயிற்று. இந்தச் சொல்லின் பொருள் என்ன? 'மதுரா கால்' என்றும் இதைச் சொல்கிறார்களே, அது நம் மதுரையா?
– வாசகி, தேனி மாவட்டம்

பதில்: முதலில் வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்: மைசிட்டோமா புற்றுநோய் அன்று. மைலோமா என்பதன் வேர் எலும்பு மஜ்ஜையைக் குறிக்கும் 'மியெலோஸ்' என்ற கிரேக்கச் சொல். அது மஜ்ஜையில் தோன்றும் புற்றுநோய். மைசிட்டோமாவின் வேரோ காளானைக் குறிக்கும் 'மூகேஸ்'. அதனோடு, கட்டி அல்லது வீக்கம் என்று பொருள்தரும் 'ஓமா' என்ற ஈறு சேர்ந்து, 'பூஞ்சைக் கட்டி' என்ற பொருளில் அமைந்த சொல் இது. 'ஓமா' என்று முடிவதெல்லாம் புற்றுநோய் என்ற அச்சம் படித்தவர்களிடமும் இருக்கிறது. அடிபட்ட இடத்தில் ரத்தம் கட்டுவதைக்கூட மருத்துவர்கள் 'ஹீமட்டோமா' என்றுதான் எழுதுகிறார்கள்.

கிரேக்கத்தில் ககரமாக இருந்த ஒலி, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது எகரத்துக்கு முன்னால் சகரமாகிவிட்டது. ஒகரத்துக்கு முன்னால் அது மாறாததால் பூஞ்சையியலை இன்றும் 'மைக்காலஜி' என்கிறோம். 'ஸ்ட்ரெப்டோமைசின்' என்ற மருந்தின் பெயரிலும் இதே காளான்தான் ஒளிந்திருக்கிறது.

ஆம், 'மதுரா கால்' என்பதில் இருப்பது நம் மதுரைதான். ஆங்கிலேயர் அந்நாளில் ஊர்ப்பெயரை 'மதுரா' என்று எழுதினார்கள். அங்கிருந்த மருந்தகத்தில் கண்ட நோயாளிகளைப் பற்றி மருத்துவர் ஜான் கில் 1842-இல் எழுதினார். 1846-இல் கோல்புரூக் என்ற மருத்துவர் 'மதுரா கால்' என்ற பெயரை வழங்கினார். பம்பாயில் பணியாற்றிய ஹென்றி வான்டைக் கார்ட்டர், நோய்க்குக் காரணம் பூஞ்சை என்று கண்டு, 1860-களின் தொடக்கத்தில் 'மைசிட்டோமா' என்று பெயரிட்டார். கிரே எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்றியல் நூலுக்குப் படங்கள் வரைந்தவரும் இவரே. பூஞ்சை மட்டுமன்றிப் பாக்டீரியாவும் இந்நோயை உண்டாக்கும்: அத்தகைய பூஞ்சை ஒன்றுக்கு 'மதுரெல்லா' என்றும், பாக்டீரியா ஒன்றுக்கு 'ஆக்டினோமதுரா' என்றும் பெயர். நோய் மதுரைக்கு மட்டும் உரியதன்று. சூடான், மெக்சிகோ ஆகிய நாடுகளிலும் அது மிகுதி. ஊருக்கு இப்படியொரு பெயர் ஒட்டியிருப்பது எனக்கு வருத்தமே.

பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை 'வல்மீகம்' (கறையான் புற்று) என்று ஒரு நோயைச் சொல்கிறது. புற்றுப்போல் எழும்பிப் பல வாய்களால் கசியும் அந்த நோய் இதுவே என்று கருதுவோர் உண்டு. பார்ப்பதற்குப் பொருத்தமான உவமைதான். ஆனால் தமிழில் 'பாதப்புற்று' என்று மொழிபெயர்த்தால் உங்கள் வீட்டில் நேர்ந்த கலக்கம் எல்லா வீட்டிலும் நேரும். ஆகவே 'பூஞ்சைக் கட்டி' என்பதையோ, மைசிட்டோமா என்ற மூலச்சொல்லையோ பயன்படுத்துவதே நல்லது.

வெறுங்காலில் முள் தைத்த இடத்தின் வழியே மண்ணிலுள்ள கிருமி நுழைகிறது. வீக்கம் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதால் பலர் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பிறகு துளைகள் விழுந்து, கறுப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் குருணை போன்ற துகள்கள் சீழோடு வெளிவருகின்றன. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பு இதை 2016-இல்தான் சேர்த்தது.

அறிக்கையில் அந்தச் சொல்லுக்கு முன்னொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். 'யூமைசிட்டோமா' என்றால் உண்மையான பூஞ்சை. பூஞ்சைக்கொல்லி மருந்தை நெடுங்காலம் உட்கொள்வதோடு அறுவைச் சிகிச்சையும் பெரும்பாலும் தேவைப்படும். 'ஆக்டினோமைசிட்டோமா' என்றால் பாக்டீரியா. முன்னாளில் அதையும் பூஞ்சை என்று எண்ணியதால் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அது நன்றாகக் கேட்கும். முன்னொட்டு இல்லையென்றால், இரண்டில் எது என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். பெரியப்பாவுக்கு எந்த மருந்து என்பதை அதுவே முடிவுசெய்கிறது.