பதிப்பகம் அச்சுச் செலவில் பாதி கேட்கிறது, கட்டலாமா?

கட்டாதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள். நாவலை அனுப்பிய இரண்டே நாளில் 'தேர்வாகிவிட்டது, பாதிச் செலவு மட்டும் உங்களுடையது' என்கிறார்கள் என்றால், அவர்களுடைய வாடிக்கையாளர் வாசகர் இல்லை, நீங்கள்தான். அந்தப் 'பாதி'யிலேயே முழுச் செலவும் லாபமும் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்புறம் புத்தகத்தை விற்க அவர்கள் ஏன் மெனக்கெட வேண்டும்?

ஒன்று செய்து பாருங்கள். அங்கே புத்தகம் போட்ட இரண்டு மூன்று பேரை நீங்களே தேடிப் பிடித்து, ராயல்டி கணக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். பதிப்பகம் கொடுக்கும் பட்டியலிலிருந்து வேண்டாம். எழுத்தாளர்களை ஏமாற்றும் பதிப்பகங்களைப் பற்றி எச்சரிக்கும் 'ரைட்டர் பிவேர்' (Writer Beware) என்ற ஆங்கிலத் தளத்திலும் பதிப்பகத்தின் பெயரைத் தேடுங்கள்.

ஒப்பந்தத்தில் உரிமை பற்றிய பகுதியை வரி வரியாகப் படியுங்கள். 'பதிப்புரிமைக் காலம் முழுவதும்' என்றிருந்து, உரிமை எப்போது உங்களிடம் திரும்பும் என்பது இல்லாவிட்டால், உங்கள் ஆயுளுக்குப் பிறகும் நாவல் அவர்கள் கையில்தான். மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகளையும் சேர்த்து வளைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

பணம் கொடுப்பதெல்லாம் ஏமாற்று இல்லை. எடிட்டிங், அட்டை வடிவமைப்பு என்று தனித்தனியாகக் கூலி கொடுத்து, உரிமை முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு சுயமாக வெளியிடுவது நேர்மையான வழிதான்.