நகை வங்கியில், சுரங்கம் மச்சினர் பெயரில்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். மனைவியின் 20 சவரன் நகையை வங்கியில் அடகு வைத்து 6 லட்சம் வாங்கினேன், வட்டி 9.5%. தங்கம் விலை ஏற ஏற, புதுப்பிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கூடுதலாக எடுத்தேன். இப்போது கடன் 9 லட்சம். அதில் 3 லட்சத்தை கனடாவில் இருக்கும் மச்சினருக்கு அனுப்பினேன். அங்குள்ள ஒரு சிறிய தங்கச் சுரங்கக் கம்பெனியின் பங்கை அவர் பெயரில் வாங்கினார். இன்றைய மதிப்பு 1.1 லட்சம்தான். 'கம்பெனி கடனைச் சரிக்கட்டிவிட்டது, புதுப் பங்கை மலிவாகத் தருகிறது, இன்னும் 2 லட்சம் அனுப்புங்கள்' என்கிறார். தங்கம் ஏறும்போது இந்தப் பங்கு ஏன் இறங்குகிறது? நகைமேல் இன்னும் எடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். எடுக்காதீர்கள்.

சின்னச் சுரங்கக் கம்பெனிக்கு முதல் தங்கம் வார்க்கும் நாள்வரை வருமானம் கிடையாது. துளை போடுவதற்கும் டீசலுக்கும் சம்பளத்துக்கும் ஊரார் பணம்தான். பல திறந்தவெளிச் சுரங்கங்களில் ஒரு டன் பாறையைப் பொடித்தால் கிடைப்பது ஒன்றிரண்டு கிராம். இதை நம்பி வங்கி சுலபத்தில் கடன் தராது. அதனால் கை வறண்டதும் புதுப் பங்கு அச்சடிப்பார்கள். 10 கோடிப் பங்கு இருந்த இடத்தில் பாதி விலைக்கு இன்னும் 5 கோடி. கூடவே பின்னாளில் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையாக 5 கோடி வாரன்ட். வாரன்ட்டும் பங்காகிவிட்டால் மொத்தம் 20 கோடி; நீங்கள் வைத்திருந்த ஒரு பங்கு, கம்பெனியில் பழைய அரைப் பங்குக்குத்தான் சமம். 'சரிக்கட்டிவிட்டது' என்று மச்சினர் சொல்வதில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

இன்னொரு வழி ஸ்ட்ரீமிங். நம் முதுநகர் துறைமுகத்தில் வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்கிய படகுக்காரர், பிடித்த மீனை அவரிடமே கொடுத்தாக வேண்டும், இல்லையா? அதே கணக்குதான். இன்று மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு, எடுக்கப்போகும் தங்கத்தில் ஒரு பகுதியைச் சந்தை விலைக்கு வெகு கீழே கொடுப்பதாக எழுதித் தருவார்கள். விலை ஏறினால் அந்தப் பகுதியின் லாபம் முன்பணம் கொடுத்தவருக்கு.

முன்பேர விற்பனை, அதாவது பின்னாளில் எடுக்கப்போகும் தங்கத்துக்கு இன்றே விலை பேசி விற்றுவிடுவது, இன்னும் விபரீதம். 1999 செப்டம்பரில் ஐரோப்பிய மத்திய வங்கிகள் தங்கம் விற்பதைக் கட்டுப்படுத்துவதாக அறிவித்ததும் விலை துள்ளியது. கானாவின் அஷாந்தி கோல்ட்ஃபீல்ட்ஸ் (அது சின்னக் கம்பெனிகூட இல்லை) அப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் மாட்டியிருந்தது. வங்கிகள் கூடுதல் பிணை கேட்டு நெருக்க, தங்கம் ஏறியதாலேயே திவாலின் விளிம்புவரை போனது.

உங்கள் பங்கு எதனால் இறங்கியது என்பது அந்தக் கம்பெனியின் கணக்கைப் பார்த்தால்தான் தெரியும். மச்சினரிடம் காலாண்டு அறிக்கை கேளுங்கள். கையில் எவ்வளவு ரொக்கம், மாதம் எவ்வளவு கரைகிறது என்ற இரண்டே எண் போதும். 12 லட்சம் டாலர் இருந்து மாதம் 3 லட்சம் கரைந்தால், நான்கு மாதத்தில் மறுபடியும் கையேந்துவார்கள்.

சுரங்கத்தைவிட எனக்குக் கவலை உங்கள் பழக்கம்தான். காலையில் வட்டியைக் கட்டி, மதியம் 'விலை ஏறியிருக்கிறதே' என்று அதே நகைமேல் கூடுதலாக எடுத்து வருகிறீர்கள். அந்தக் கம்பெனியும் இதைத்தான் செய்கிறது. அவர்களுக்காவது புதுப் பங்குதாரர் கிடைப்பார். உங்களுக்கு யார்?

9 லட்சத்துக்கு 9.5% என்றால் ஆண்டுக்கு 85,500, மாதம் 7,100 சொச்சம். 1.1 லட்சம் மறுபடி 3 லட்சமாக வேண்டுமானால் ஏறக்குறைய மூன்று மடங்காக வேண்டும். அதுவரை அந்த 3 லட்சத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 28,500 வட்டி போகும்.

மச்சினரிடம் கோபப்பட வேண்டாம், அவரும் நம்பித்தான் சொல்லியிருப்பார். 'பங்கை விற்று வருவதை அனுப்புங்கள் மாப்பிள்ளை, இங்கே நகை மீட்க வேண்டியிருக்கிறது' என்று சொன்னால் போதும். வந்த பணத்தை அப்படியே அசலில் கட்டுங்கள். அப்புறம் கிளையில் பேசி, அடுத்த புதுப்பிப்பில் ஒரே கடனை மூன்றாகப் பிரித்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் சின்னதை முதலில் அடைத்து, வளையல்களை மீட்டு வீட்டம்மா கையில் கொடுங்கள். ஆரத்தை தைக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.