டிரிப்ஸ் போடுவதே ஒரு வேலையா, சிஸ்டர்?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் இறுதி ஆண்டு படிக்கிறேன். டிரிப்ஸ் போடுவதையும் அதைப் பார்த்துக்கொள்வதையும் மட்டுமே வேலையாகச் செய்கிற நர்ஸ்கள் உண்டு என்று எங்கள் மேடம் சொன்னார். அதையே நம்பிப் போகலாமா? வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்ற ரத்தக் குழாயில் செருகும் மெல்லிய குழாய்) போடும்போது எனக்கு இன்னும் கை நடுங்குகிறது.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாகப் போகலாம்மா. பதினேழு வருஷமாகக் கீமோ (புற்றுநோய்க்கான மருந்து ஏற்றும்) வார்டில் நான் செய்வது இதைத்தான். பாஸ்டனில் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் 1940-லேயே அடா பிளம்மர் என்ற நர்ஸிடம் இந்தப் பொறுப்பைத் தனியாகக் கொடுத்துவிட்டார்கள். நம் ஊரில் பெரும்பாலான இடங்களில் இதற்கென்று தனிப் பதவி கிடையாது. புற்றுநோய் வார்டிலோ ஐ.சி.யூ.விலோ சேர்ந்து, பிக் லைன் (கை வழியாக இதயத்துக்கு அருகே வரை போகும் நீளக் குழாய்), கீமோ போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் பதிக்கும் சிறு கருவி) எல்லாம் கை பழகித்தான் இதற்கு வர வேண்டும். அமெரிக்கா போகும் எண்ணம் இருந்தால் அங்கே டிரிப்ஸ் நர்ஸ்களுக்கென்றே சி.ஆர்.என்.ஐ. என்ற தேர்வு இருக்கிறது. ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸும், முந்தைய 2 ஆண்டுகளில் இந்த வேலையில் 1,600 மணி நேர அனுபவமும் கேட்பார்கள்.

சரி, கை நடுக்கத்துக்கு வருவோம். நோயாளியின் கையைக் கட்டிலுக்குக் கீழே இரண்டு நிமிடம் தொங்கவிடச் சொல்லுங்கள். வெதுவெதுப்பான துண்டைச் சுற்றுங்கள். கண்ணைவிட விரலை நம்புங்கள். நல்ல வெயின் (ரத்தக் குழாய்) தொட்டால் மெத்தென்று எழும்பும். நீல நிற 22 கேஜ் வென்ஃப்ளான் போதுமான இடத்தில் அதைவிடத் தடித்த பச்சை 18-ஐ எடுக்காதீர்கள். முழங்கை மடிப்பில் பெரிதாகத் தெரிகிறதே என்று ஆசைப்படாதீர்கள், அங்கே கீமோ கசிந்தால் சீக்கிரம் தெரியாது. இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லையா, சீனியரைக் கூப்பிடுங்கள். மூன்றாவது குத்தின் வலியும் அவர்களுக்குத்தானே.

அப்புறம் ஒன்று. வேலைக்கு வந்த மூன்றாவது வருஷம். ஒரு அம்மாவுக்கு டாக்ஸோரூபிசின், அந்தச் சிவப்புக் கீமோ மருந்து, ஏறிக்கொண்டிருந்தது. “லேசா எரியுது கண்ணு” என்றார். வென்ஃப்ளான் வெயினுக்குள்தான் இருக்கிறதா என்று அறிய, கொஞ்ச நேரம் முன்னால்தான் அதில் ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்திருந்தேன். அந்த நம்பிக்கையில் பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் புறங்கையில் எட்டணா அளவு வீக்கம். மருந்தை நிறுத்தி, வென்ஃப்ளானைப் பிடுங்காமல் அதன் வழியாகவே சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, டாக்டரைக் கூப்பிட்டு, ஐஸ் வைத்தோம். (இதே வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து என்றால் சூடான ஒத்தடம்.) புண் ஆறியது, ஆனால் அந்த இடத்தில் தோல் கறுத்து இறுகிவிட்டது. அடுத்த முறை வந்தபோது அந்த அம்மா இன்னொரு கையை என்னிடமேதான் நீட்டினார்.

இன்றைக்கும் யாராவது ‘எரியுது’ என்றால் முதலில் டிரிப்ஸ் குழாயின் கிளாம்பை மூடி மருந்தை நிறுத்துவேன். அதற்கப்புறம்தான் என்ன ஏது என்று பார்ப்பேன்.