காரை விடலாம், வேலையை எப்போது விடுவது?

கேள்வி: எனக்கு வயது 36. உப்புவெளியில் வசிக்கிறேன், திருகோணமலை நகரிலுள்ள ஒரு நிதி நிறுவனத்தில் 9 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மனைவி ஆசிரியை, ஒரு மகள். அம்மாவும் எங்களுடன் இருக்கிறார். அவர் சம்பூரைச் சேர்ந்தவர். சோறு வடிக்கும்போதுகூட ஏதாவதொரு கூத்துப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பார். மூதூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கூத்துப் பழக்கும் ஆசான்களான முதிய அண்ணாவிமாரிடம் எஞ்சியிருக்கும் கூத்துப் பாடல்களை முழுநேரமாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு. வேலையை விட்டு, லீசிங்கில் எடுத்த காரையும் கொடுத்துவிட்டு, சிக்கனமாக வாழலாம் என்று வீட்டில் சொன்னேன். அம்மா இரண்டு நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை. வசதிகளைத் துறக்க நான் தயார். வீட்டார் தயாராக இல்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் கனவு அவசரமானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூத்தை எழுதி வைத்திருக்கும் கொப்பியில் இருப்பவை சொற்கள் மட்டுமே. எந்த அடியை இழுத்துப் பாட வேண்டும், எந்த இடத்தில் தாளக்கட்டு மாறி ஆட்டம் வேகமெடுக்க வேண்டும் என்பதெல்லாம் அண்ணாவியாரின் கையிலும் தொண்டையிலும் இருக்கின்றன. பாட்டைச் சொல்லுங்கள் ஐயா என்று கேட்டபோது இரண்டு அடிகளோடு தடுமாறி நின்ற முதியவர் ஒருவர், மத்தளத்தை மடியில் வைத்ததும் தரு என்னும் அந்தக் கூத்துப் பாட்டு முழுவதையும் ஒரு மூச்சில் பாடி முடித்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கை ஓய்ந்துவிட்டால் கொப்பியை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய முடியும்?

ஆயினும் உங்கள் அம்மாவின் மௌனத்தை நீங்கள் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. சம்பூர் மக்கள் 2006இல் போரினால் வீடு, வயல், மாடு அனைத்தையும் விட்டுக் கையில் அகப்பட்டதோடு வெளியேறி, ஏறத்தாழ 10 ஆண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் காலம் கழித்தவர்கள். அவ்வாறு வெளியேறிய ஊரவரிடம் மகன் வந்து, இருப்பதை நாமாகவே விட்டுவிடுவோம் என்று சொன்னால், நீங்கள் துறவு என்று சொன்னது அவருடைய காதில் மறுபடியும் ஓர் இடப்பெயர்வாகத்தான் விழுந்திருக்கும். அவர் காருக்காக அழவில்லை. வசதியில் ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்று தயவுசெய்து எண்ணாதீர்கள்.

கிழக்கு மண்ணில் துறவைப் பற்றிப் பேசும்போது, இங்கே பிறந்த துறவியும் தமிழறிஞருமான விபுலாநந்த அடிகளை நினைக்காமல் இருக்க முடியாது. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியைத் துறந்து 1922இல் சென்னையில் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்த அவர், பாடசாலைகளை நடத்திக்கொண்டும், பேராசிரியராகக் கற்பித்துக்கொண்டும், அந்த வேலைகளுக்கு நடுவிலேயே பல ஆண்டுகள் யாழைப் பற்றி ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சி நூலாக அரங்கேறியது அவர் மறைந்த 1947இலேதான். பதவியை விட்ட அவருக்கும் முழுநேர ஓய்வு என்று ஒன்று கிடைக்கவில்லை. அதோடு, அவருடைய துறவுக்கு மனைவியும் மகளும் விலை கொடுக்க வேண்டியிருக்கவில்லை. உங்களுடைய நிலை அதுவன்று.

ஆகவே காரை இப்போதே விடுங்கள், வேலையை இப்போது விடாதீர்கள் என்பதே என் ஆலோசனை. காரைத் திருப்பி ஒப்படைப்பதால் மட்டும் மிகுதிக் கடன் தீர்ந்துவிடாது என்பது உங்கள் தொழில் காரணமாக என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நல்ல விலைக்கு விற்றுக் கணக்கை முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளுக்கு மாறுங்கள். பின்னர் ஆறு மாதங்களுக்கு மனைவியின் சம்பளத்தில் மட்டும் வீட்டை நடத்திப் பாருங்கள். உங்கள் சம்பளத்தைத் தொடாமல் வங்கியில் போடுங்கள். அம்மாவின் மருந்துச் செலவும் மகளின் வகுப்புக் கட்டணமும் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. குறைக்க வேண்டியவை உங்களுடைய செலவுகள். மனைவி இதற்கு மனம் ஒப்பினால்தான் தொடங்க வேண்டும். இந்த ஆறு மாதங்களின் பாரம் பெரும்பாலும் அவர் தலையில் இறங்கப்போகிறது.

வேலையை விடும்போது கிடைக்கும் பணத்தையும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமாயின், ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் 9 ஆண்டுகளுக்கு நாலரை மாதச் சம்பளமே பணிக்கொடையாக வரும். ஊழியர் சேமலாப நிதியோ 55 வயதுக்கு முன் பொதுவாகக் கைக்கு வராது. அந்த ஆறு மாதங்களை வீடு தாங்கிக்கொண்டதென்றால், சேர்ந்த பணத்தோடு ஓராண்டுக்குத் துணிந்து இறங்குங்கள். தாங்கவில்லையென்றால், சனி, ஞாயிறும் பௌர்ணமிப் போயா விடுமுறைகளும் இருக்கின்றன. மூதூருக்குப் போகும் வழியில் கிண்ணியாத் துறையில் பாதை எனும் மிதவைப் படகுக்குக் காத்துக்கிடந்த காலம் 2009இல் பாலம் திறந்ததோடு போய்விட்டது, காலையில் புறப்பட்டால் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம்.

பதிவை ஆறு மாதம் கழித்துத்தான் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. அம்மா முணுமுணுக்கும் அந்தப் பாட்டு எந்தக் கூத்தில் வருகிறது, அதில் யார் ஆடினார்கள், எந்தக் கூத்துக் களரியில் அவர் அதைப் பார்த்தார் என்று இதுவரை நீங்கள் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. இந்தச் சனிக்கிழமை சோறு வடித்து முடிந்ததும் அம்மாவின் அருகில் உட்கார்ந்து, கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கிவிட்டு, அந்தப் பாட்டை முழுமையாகப் பாடச் சொல்லிக் கேளுங்கள்.