மாமனாரின் வின்செஸ்டரும் கன் ஷோக்காரரின் 44-ம்

டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அமெரிக்க மாமனார் விட்டுப்போன வின்செஸ்டர் 1873 லீவர் ரைஃபிள் என்னிடம் இருக்கிறது. பேரலில் எழுத்து எதுவும் தெரியவில்லை. கன் ஷோவில் (துப்பாக்கிச் சந்தை) ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு '44தான், தோட்டா நானே தருகிறேன், வேண்டுமானால் பாலிஷும் போட்டுத் தருகிறேன்' என்றார். நம்பலாமா?"

வேண்டாம். அவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம், ஆனால் எட்டிப் பார்த்துச் சொல்கிற விஷயமில்லை இது.

முதலில் லீவரைத் திறந்து, தோட்டா அறையும் பேரலுக்குக் கீழே ஓடும் நீளக் குழாயும் காலியா என்று பாருங்கள். குழாயில் எந்தக் காலத்துத் தோட்டாவோ சிக்கிக் கிடந்திருக்கும். அப்புறம் துப்பாக்கியைத் திருப்புங்கள். அடியில், தோட்டாவை மேலே தூக்கிக் கொடுக்கும் பித்தளைக் கட்டை தெரியும். 38, 32 என்று மற்ற அளவுகளும் வரத் தொடங்கிய 1880 வாக்கிலிருந்து கேலிபரை, அதாவது எந்த அளவுத் தோட்டா என்பதை, அதன் அடியில்தான் பொறித்தார்கள். அதற்கு முன்னால் இந்த மாடலுக்கு 44-40 என்ற தோட்டா (சுருக்கமாக 44) ஒன்றுதான், அதனால் பொறிக்கவே இல்லை. உங்களுடையதில் எழுத்து தேய்ந்ததா, முதலிலிருந்தே இல்லையா என்பது சீரியல் எண்ணைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

பேரலின் வாய்ப்பகுதியை வெர்னியர் அளவுகோல் வைத்து அளக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். 38 என்று பொதுவாகச் சொல்லும் 38-40 தோட்டாவின் பெயரில் இருக்கும் 38 வெறும் பெயர்தான், குண்டு 0.40 அங்குலம். 44-40-இன் குண்டோ 0.427. பெயருக்கும் அளவுக்கும் சம்பந்தமில்லாமல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், நாம் இன்றுவரை தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறோம். ஒரு தோட்டாவைப் போட்டுப் பார்ப்போமே என்பது இதைவிட மோசம். 44-40-இன் உறையைக் கழுத்தில் ஒடுக்கித்தான் 38-40 செய்தார்கள், ஆகவே அது பெரிய அறைக்குள்ளும் நுழைந்து உட்கார்ந்துகொள்ளலாம். நுழைந்தது என்பதால் பொருந்தியது என்று ஆகிவிடாது. 44 என்று சொன்னதும் கடையில் 44 மேக்னத்தை எடுத்து நீட்டுகிற ஆட்களும் உண்டு. அது வேறு தோட்டா, அழுத்தம் இரண்டு மடங்குக்கும் மேல். கருமருந்துக் காலத்து இரும்பும் 1873-இன் மூட்டு அமைப்பும் அதைத் தாங்காது.

பித்தளையில் எண் தெரிந்துவிட்டாலும் கதை முடியவில்லை, ஏனென்றால் பித்தளைக் கட்டை கழற்றி மாட்டக்கூடிய பாகம். நூறு வருஷத்துக்கு மேல் ஆன துப்பாக்கி. இடையில் யாராவது தேய்ந்த பேரலைக் குடைந்து பெரிதாக்கியிருக்கலாம், உள்ளே புதுக் குழாய் செருகியிருக்கலாம், வேறு துப்பாக்கியின் பேரலையே மாட்டியிருக்கலாம். எழுத்து அன்றைக்கு என்ன இருந்தது என்று சொல்லும், உள்ளே இன்றைக்கு என்ன இருக்கிறது என்று சொல்லாது. அதனால் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒரு கன்ஸ்மித்திடம் கொடுத்து அறைக்கு வார்ப்பு எடுக்கச் சொல்லுங்கள். செரோசேஃப் என்ற உலோகக் கலவை, கொதிநீரைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். அறைக்குள் ஊற்றி எடுத்து, ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் அறையின் அளவு அப்படியே கிடைக்கும். ஈயக் குண்டைப் பேரல் வழியாகத் தள்ளி அளந்தால் பேரல் மட்டும்தான் தெரியும், அறை தெரியாது. இரண்டையும் செய்யச் சொல்லுங்கள். வார்ப்பை வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

வயோமிங்கில் கோடி (Cody) என்ற ஊரில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. சீரியல் எண்ணும் கட்டணமும் அனுப்பினால் பதிவில் உள்ளதைக் கடிதமாகத் தருவார்கள். ஆண்டு தெரிவது முக்கியம், ஏனென்றால் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898 முடிவதற்குள் செய்தது பழம்பொருள், அடுத்த ஜனவரியில் அதே தொழிற்சாலையில் அதே ஆள் செய்தது சாதாரண ஆயுதம். இரண்டுக்கும் ஒரு திருகாணி வித்தியாசம்கூட இருக்காது, ஆனால் காகித வேலை மட்டும் வேறு வேறு! இணையத்தில் சுற்றும் ஆண்டுப் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது, அதை நம்பி விற்கவோ வாங்கவோ கூடாது.

பாலிஷ் பேச்சை மட்டும் அடியோடு மறந்துவிடுங்கள். தேய்த்தால் மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும், சேகரிப்பாளர் கொடுக்கும் விலையும் போய்விடும். அதற்குப் பிறகு 'பழசுதான், ஆனால் ஒரிஜினல் இல்லையே' என்று பாதி விலைக்குக் கேட்டு வரப்போகிறவரும் பெரும்பாலும் அதே கன் ஷோக்காரராகத்தான் இருப்பார்.